வேரும் பற்றீரியாவும்

பயற்றஞ் செடியொன்றை மண்ணோடு மெல்லப் பெயர்த்து வேரை அலசிப் பார்ப்போமாயின், மிளகினுஞ் சிறிய கணுக்கள் ஆங்காங்கே தோன்றக் காண்போம். ஒன்றை நகத்தாற் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அந்நிறத்தைத் தருவது, நம் குருதியிலுள்ள ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். இக்கணுக்களில் வாழும் பற்றீரியாக்களே வளியின் நைதரசனைச் செடிக்கு உணவாக்குகின்றன என்பதை ஜேர்மனியரான ஹெல்றீகலும் வில்பாத்தும் 1886 ஆம் ஆண்டிலே தம் ஆய்வுகளால் வெளிப்படுத்தினர். இவ்வளவும் மாணவர் அறிந்ததே. ஆயின், மண்ணிலுள்ள எண்ணிறந்த நுண்ணுயிர்களுள் தனக்குரியதைச் செடி எங்ஙனம் இனங்காண்கின்றது? வேரின் வாயிலைத் திறத்தல் சிறு செயலன்று. நோய்க் கிருமியும் அவ்வாயிலையே நாடி நிற்கின்றது.

குதிரைமசால் என்னும் தீவனப்பயிரிலே இதற்கு விடை துலங்கிற்று. அதன் வித்தும் வேரும் கசியவிடும் பொருள்களுள் லூற்றியோலின் என்பதொன்று. இதுவே பற்றீரியாவின் கணுவாக்கும் பரம்பரையலகுகளைத் தூண்டுகின்றதென 1986 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் கண்டனர். அழைப்பைக் கேட்ட பற்றீரியா வாளாவிருப்பதில்லை. தானும் ஒரு பொருளைச் சுரந்து மறுமொழி கூறுகின்றது. அப்பொருளின் அமைப்பைப் பிரான்சிய ஆய்வாளர் 1990 இல் வெளியிட்டனர். நான்கு வெல்ல அலகுகள் கோத்த குறுஞ்சங்கிலி. அதன் ஒரு முனையிற் கொழுப்பமில வால். மறு முனையிற் சல்பேற்றுக் கூட்டம். மிக நுண்ணிய அளவிற் பட்டாலும் வேர்மயிர் உருத்திரிந்து வளைகின்றது. வளைந்த மயிர் பற்றீரியாவைத் தன்னுள் அடக்கிக்கொள்ள, அங்கிருந்து ஒரு நுண்குழாய் உள்நோக்கி வளர்ந்து அதற்கு வழியாகின்றது.

எம்மை வியப்பில் ஆழ்த்துவது அச்சல்பேற்றே. அதனைச் சேர்க்கும் ஆற்றலை இழந்த பற்றீரியா குதிரைமசாலிற் கணு அமைக்க மாட்டாது. வெட்ச் என்னும் வேறோர் அவரையினச் செடியின் வேரிலோ தொற்றத் தொடங்கிவிடும்! சங்கிலியின் வெல்லப்பகுதியும் பூஞ்சணங்களின் சுவரிலுள்ள கைற்றினை ஒத்ததே. கைற்றின் துண்டுகளை உணர்ந்தாற் செடி தற்காப்பிற்கு எழும். பகைவனின் அடையாளத்திற்கு இத்துணை நெருங்கிய ஒன்றையே நண்பனும் ஏந்தி வருகின்றான். சிறு வேறுபாட்டைக் கொண்டே செடி பிரித்தறிகின்றது. அவ்வாறு அறியும் வாங்கிப் புரதங்கள் இரண்டின் பரம்பரையலகுகள் 2003 இல் லோற்றசு என்னும் செடியிற் கண்டறியப்பட்டன.

எனினும் இவ்விருந்தோம்பல் இலவசமன்று. நைதரசன் மூலக்கூறு ஒன்றை அமோனியாவாக்க ஏ.ரி.பீ. மூலக்கூறுகள் 16 செலவாகும். அதற்கான உணவைச் செடியின் இலைகளே ஆக்கி அனுப்பவேண்டும். ஆதலின் நைத்திரேற்று மலிந்த மண்ணிற் செடி கணுக்களைக் குறைத்துக்கொள்கின்றது. பயற்றுக்கு யூரியாவை அள்ளி இறைக்கும் கமக்காரன், வேர் தானே தேடிக்கொள்ளவிருந்த உதவியாளரை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகின்றான்.