உஷார்! பின் பொருந்துகிறதா? அப்போதும் நம்பாதீர்கள்!

கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) போய்விட்டதா? புதுசு வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டீர்களா? ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு போட்டோ ஸ்டூடியோ. பெயர் வேண்டாம், பாவம். முகூர்த்த மாதம். பௌர்ணமிக் கூட்டம் வந்து பாதை அடைபடுவதற்குள் ஆல்பம் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். மண்டையைப் போட்டது. ஸ்டூடியோக்காரத் தம்பி அவசரமாகச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். கேபினெட்டுக்குள் பழைய வயர்கள் டேக் போட்டு அழகாகக் கட்டியிருந்தன. அதை ஏன் பிரிப்பானேன் என்று அப்படியே விட்டுவிட்டு, மறுமுனையை மட்டும் புதுப் பெட்டியில் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. கிளிக் என்ற சத்தம்கூட வந்தது. சுவிட்சைப் போட்டார்.

ஒரே நொடி. புகை! கருகல் நாற்றம்! இரண்டு ஹார்டு டிஸ்க்கும் காலி!

உள்ளே யார் யார் வீட்டுக் கல்யாணமெல்லாமோ இருந்தது. தாலி கட்டுவதை இன்னொரு தடவை எடுக்க முடியுமா?

அவர் செய்த தப்பு என்ன? பலருக்கும் தெரியாத விஷயம் இது. மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் பக்கம் போகும் முனைக்குப் பொது விதி உண்டு. எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். ஆனால் கழற்றி மாட்டும் வயர் வைத்த எஸ்.எம்.பி.எஸ்.களில், பெட்டிப் பக்க முனைக்கு அப்படி எந்த விதியும் இல்லை! எந்தப் பின்னில் 12 வோல்ட், எந்தப் பின்னில் 5 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். பிளாஸ்டிக் மட்டும் பல நேரம் ஒரே அச்சில் இருக்கும். பெரிய ஹார்டு டிஸ்க்கில் மோட்டாருக்கு 12 வோல்ட், சர்க்யூட்டுக்கு 5 வோல்ட். 5 வர வேண்டிய இடத்தில் 12 வந்தால்? பழைய பெட்டிகளில் மஞ்சள் 12, சிவப்பு 5, கறுப்பு கிரவுண்டு என்று நிறம் பார்த்தாவது பிழைக்கலாம். இப்போது பல பெட்டிகளில் வயர் எல்லாமே கறுப்பு.

புதுப் பெட்டி வந்தால் பழைய வயர் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஒன்றுகூட!

இன்னொரு கண்ணி, 8 பின் பிளக். பிராசஸருக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று. முன்னது 4+4 ஆகப் பிரியும், பின்னது 6+2. ஒன்றில் 12 வோல்ட் வரும் வரிசை மற்றதில் கிரவுண்டு. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அந்தப் பொருந்தாமைதான் உங்களைக் காப்பாற்றுகிறது.

அதற்காக அரைகுறையாகச் செருகி விடுவதும் ஆபத்து. 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு வந்தது. ஒன்றரை லட்ச ரூபாய்ச் சாமான். வந்த சில நாட்களிலேயே அதன் பிளக் உருகுவதாகப் புகார்கள் கிளம்பின. சுமார் 50 சம்பவங்கள் தெரியும் என்று நவம்பரில் நிறுவனமே சொன்னது. பிளக்கை முழுசாகச் செருகாததைப் பொதுவான காரணமாகச் சுட்டியது.

வயரைத் தொடும் முன் சுவர் பிளக்கைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் செய்தால் போதாது. பிளக் இருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் உயிரோடு இருக்கும். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது. ஆளையே அடிக்கும்!

பழைய பெட்டியின் பின்னால் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா? அது 230-இல்தான் நிற்க வேண்டும். குழந்தை விளையாட்டாக 115-க்குத் தள்ளினால், நம்ம ஊர் கரண்டுக்கு டமார் என்று வெடிக்கும்.

இவற்றைக் கண்டால் உடனே நிறுத்துங்கள்: கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருசுரு (எர்த் இல்லை, மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு மாட்டியிருப்பார்கள்). பிளக் ஓரம் பழுப்பு. மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம். பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுவது. எங்கோ ஷார்ட் இருக்கலாம், பெட்டி தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. பத்து தடவை அழுத்திப் பார்க்காதீர்கள்!

கருகிய ஹார்டு டிஸ்க்கைக் குப்பையிலும் போட்டுவிடாதீர்கள். பல நேரம் வெளியே இருக்கும் சர்க்யூட் போர்டுதான் போயிருக்கும். உள்ளே தட்டில் படங்கள் அப்படியே இருக்கலாம். மறுபடி கரண்ட் கொடுக்காமல், டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வீட்டில் உதிரி வயர்களை எல்லாம் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே பிரியுங்கள். எந்தப் பெட்டியோடு வந்தது என்று மாடல் பெயரை எழுதி ஒட்டுங்கள். எதிலிருந்து வந்தது என்று தெரியாத வயரா? வெட்டி எறிந்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி.