தண்ணீர் போட்ட தடம்: ரூட் 66

அமெரிக்காவின் சிகாகோவில் புறப்பட்டு, எட்டு மாநிலங்களைக் கடந்து, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் போய் முடிந்த நெடுஞ்சாலை ரூட் 66. நீளம் சுமார் 3,900 கிலோமீட்டர். 1926 நவம்பரில் அதற்கு அந்த எண் வந்தது. இந்தச் சாலைக்காகப் பாடுபட்ட, ஓக்லஹோமாவைச் சேர்ந்த சைரஸ் ஏவரி கேட்டதென்னவோ 60-ஐத்தான். கென்டக்கி ஆளுநர் அந்த எண்ணை விட்டுக்கொடுக்க மறுத்ததால், யாரும் சீண்டாமல் கிடந்த 66-ஐ எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டிலும் சினிமாவிலும் புகழ்பெற்ற சாலைதான். ஆனால், அது ஏன் அந்த வழியாகப் போனது என்ற கதை அந்தப் புகழைவிடச் சுவையானது.

நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் வறண்ட பூமி. 1857-இல் அங்கே வண்டிப்பாதை போட அரசு அனுப்பிய எட்வர்ட் பீல், 25 ஒட்டகங்களோடு கிளம்பினார். ஊற்று இருக்கும் இடங்களைத் தேடித்தேடிப் பாதை வகுத்தார். அடுத்து வந்தது ரயில். நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே! 1883-இல் அரிசோனாவைக் கடந்த தண்டவாளம் பெரும்பாலும் அதே பாதையை ஒட்டித்தான் போனது. கார்கள் வந்தபோது சாலை அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டது.

அரிசோனாவின் ஓட்மன் ஊரை ஒட்டிய மலை மட்டும் இதற்கு விலக்கு. அங்கே ரயில் சுற்றிப் போக, சாலையோ மலையேறியது. அந்தக் காலத்தில் ஓடிய ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் காரின் மூக்கு தூக்கிக்கொண்டால் எஞ்சின் மேலே, டேங்க் கீழே. பெட்ரோல் எப்படி ஏறும்? ஓட்டுநர்கள் காரைத் திருப்பி ரிவர்ஸிலேயே மலையேறினார்கள். ரிவர்ஸ் கியருக்கு இழுவிசையும் அதிகம். துணிச்சல் இல்லாதவர்கள் காசு கொடுத்து வண்டியை இழுத்துப்போகச் சொன்னார்கள். 1950களின் தொடக்கத்தில் மலையைச் சுற்றி வேறு சாலை வந்தது.

1956-இல் கொண்டுவரப்பட்ட நெடுஞ்சாலைச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. அதன்படி போடப்பட்ட புதிய விரைவுச் சாலைக்கு ஊற்றும் வேண்டாம், ரயில் நிலையமும் வேண்டாம்; நேராகப் போனால் போதும். இந்த நேர்க்கோட்டுப் பித்து எவ்வளவு தூரம் போனது தெரியுமா? கலிஃபோர்னியாவில், மோகாவி பாலைவனத்தின் பிரிஸ்டல் மலைகளில் 22 அணுகுண்டுகளைப் புதைத்து வெடித்து வழி உண்டாக்கலாம் என்று 1963-இல் அணுசக்தி ஆணையம், மாநில நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே நிறுவனம் மூன்றும் சேர்ந்து ஆய்வறிக்கையே தயாரித்தன. செலவு குறையுமாம்! கதிரியக்கத் தூசு அடங்கும்வரை அந்தப் பக்கம் யாரும் போக முடியாது என்பதெல்லாம் அவர்களுக்குச் சில்லறை விஷயம். நல்லவேளை, அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. வழக்கமான வெடிமருந்தே மலையை உடைத்தது.

1973-இல் அந்தப் புதிய சாலை திறந்ததும், தெற்கே ரூட் 66-இல் இருந்த அம்பாய் என்ற சிற்றூர் வெறிச்சோடியது. பெட்ரோல் பங்க், மோட்டல், ஹோட்டல் எல்லாமே வழிப்போக்கரை நம்பியவை. இப்படி ஒவ்வோர் ஊராகக் கழன்று, கடைசியாக 1984 அக்டோபரில் அரிசோனாவின் வில்லியம்ஸ் என்ற ஊரும் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் 66 என்ற எண்ணையே ரத்து செய்தார்கள்.

சாலை முழுக்க அழிந்துவிடவில்லை. அரிசோனாவில் செலிக்மனிலிருந்து கிங்மன், ஓட்மன் வழியாக மேற்கே நீளும் பகுதியில் இன்றும் காரோட்டலாம். அமெரிக்கா போகிறவர்கள் அந்தப் பக்கம் கோடையில் போவதைத் தவிர்ப்பது நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் டேங்க் நிறையப் பெட்ரோலும், அதைவிட முக்கியமாகக் குடிதண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.