சாவி திருடுபோனால் சூப்பர் கம்ப்யூட்டரும் காலி... 2020-ல் ஐரோப்பாவில் நடந்தது என்ன?

2020 மே 11. பிரிட்டனின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயங்கிய 'ஆர்ச்சர்' சூப்பர் கம்ப்யூட்டரில் லாகின் நிறுத்தப்பட்டது. அதே வாரத்தில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்திலும் பல சூப்பர் கம்ப்யூட்டர் மையங்கள் அடுத்தடுத்து கதவை மூடின. கொரோனா ஆய்வுகளுக்கு இந்த இயந்திரங்கள் அதிகம் தேவைப்பட்ட நேரம் அது.

உள்ளே வந்தது எப்படி?

வாசல் வழியாகத்தான்! தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஆய்வாளர்கள் பயன்படுத்துவது 'எஸ்எஸ்ஹெச்' லாகின். ஒரே ஆய்வாளருக்குப் பல மையங்களில் அக்கவுண்ட் இருப்பது சகஜம். திருடிய லாகின்களை வைத்தே ஹேக்கர்கள் ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். மொனெரோ என்ற கிரிப்டோகரன்சியை மைனிங் செய்ததும் தெரியவந்தது. ஓரிடத்தில், யாரும் கவனிக்கக்கூடாது என்று ராத்திரியில் மட்டும் மைனிங் ஓடியிருக்கிறது.

கிளவுடுக்கு மாறிட்டா சேஃபா?

இன்று அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றிடம் சூப்பர் கம்ப்யூட்டர் அளவு வேகத்தை வாடகைக்கு எடுக்கலாம். டேட்டா சென்டர், ஹார்டுவேர் பாதுகாப்பு அவர்கள் வேலை. யாருக்கு லாகின், எந்த போர்ட் திறந்திருக்கணும் என்பது நம்ம வேலை. அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன், சிசிடிவி எல்லாம் உண்டு; வீட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? நம்ம அக்கவுண்ட்டில் திருடன் மைனிங் செய்தால், பில்லும் நம்ம பேரில்தான் வரும்.

என்ன செய்யணும்?

• கணக்கீடு செய்யும் சர்வர்களுக்கு பப்ளிக் ஐபி வேண்டாம். அவை பிரைவேட் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கட்டும்.

• உள்ளே நுழைய ஒரே ஒரு லாகின் சர்வர். அதற்கும் ஆபீஸ் விபிஎன் வழியாக மட்டுமே அனுமதி.

• பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம்.

• எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீயை எல்லோரும் புழங்கும் சர்வரில் காப்பி செய்து வைக்காதீர்கள்.

• பட்ஜெட் அலர்ட் வையுங்கள். அது செலவைத் தானாக நிறுத்தாது, ஆனால் சந்தேகத்தைக் கிளப்பும்.

ஆர்ச்சர் என்ன செய்தது?

மறுபடி திறந்தபோது பழைய பாஸ்வேர்டு, பழைய கீ எதுவுமே செல்லவில்லை. புது கீ, அதற்கு ஒரு பாஸ்ஃபிரேஸ், கூடவே புது பாஸ்வேர்டு. இத்தனையும் இருந்தால்தான் அனுமதி. உங்க லேப்டாப்பில் பாஸ்ஃபிரேஸ் இல்லாத கீ ஏதாவது இருக்கா? இன்னைக்கே ஒன்று போட்டுவிடுங்கள்.