குளத்துப் படிக்கட்டும் பெரிய பள்ளிவாசலும்: ஆற்காடு நவாப் விட்டுச்சென்ற அறங்கள்

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவரா நீங்கள்? அந்தக் குளத்துக்கு இடம் கொடுத்தவர் ஆற்காடு நவாப் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தைப்பூசத்தையொட்டிக் கபாலீசுவரர் தெப்பத்தில் வலம்வருவது இந்தத் தண்ணீரில்தான். முஹர்ரம் நாளில் பஞ்சாவை (ஊர்வலத்தில் தூக்கிவரும் கை வடிவச் சின்னம்) இங்கே கொண்டுவரும் உரிமை முஸ்லிம்களுக்கு உண்டு என்பதும் அதே பெரியவர்கள் சொல்வதுதான்.

‘இதற்குப் பத்திரம் உண்டா?’ என்று கேட்கத் தோன்றும். இது வாய்வழியாக வந்த செய்தி. ஆனால் இரண்டு சமயத்தார் ஒரே குளத்தில் இறங்கும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அதை நான் எந்தப் பத்திரத்துக்கும் குறைவாக மதிக்கவில்லை.

சரி, யார் இந்த நவாப்? ஆற்காட்டைத் தலைநகராகக் கொண்டு கர்நாடகப் பகுதியை (இன்றைய வட தமிழகமும் அதன் சுற்றுப்புறமும்) ஆண்டவர்கள் ஆற்காடு நவாப்கள். இன்றைய கர்நாடக மாநிலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்களில் முகமது அலி வாலாஜா 1749 முதல் 1795 வரை பட்டத்தில் இருந்தார். சென்னையிலேயே குடியேறி, 1768-இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். வாலாஜா சாலை என்று நாம் சொல்வது அவர் பெயரைத்தான்.

அவர் செய்த தருமங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இதை மறைக்கக் கூடாது. போர்ச் செலவுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் கம்பெனி ஆட்களிடமும் அவர் பெருங்கடன் வாங்கினார். ஊர்களின் வரி வருவாயையே ஈடாக வைத்தார். அந்தக் கடனைப் பற்றி 1785-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் அதன் உறுப்பினர் எட்மண்ட் பர்க் நீண்ட உரை ஆற்றும் அளவுக்கு விஷயம் பெரிதாகிப்போனது. நவாப் செய்த தருமத்தில் உழவர்களின் வியர்வையும் இருக்கிறது. தருமத்தைப் பாராட்டும்போது அவர்களையும் நினைத்துக்கொள்வதுதான் நியாயம்.

ஆட்சி எப்போது போனது? 1801 உடன்படிக்கையில் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனது. 1855-இல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்ததும் பட்டத்தையும் கம்பெனி ஒழித்தது. பிறகு 1867-இல் அவருடைய சிற்றப்பா அசீம் ஜாவுக்கு ‘ஆற்காடு இளவரசர்’ என்ற பட்டமும் பரம்பரை உதவித்தொகையும் வந்தன. குடும்பத்தின் இருப்பிடம் ராயப்பேட்டை அமீர் மஹால். ஆள ஒரு சிற்றூர்கூட இல்லாத இளவரசர்கள் அவர்கள்.

‘மன்னர் மானியத்தை இந்திரா காந்தி 1971-இல் ஒழித்துவிட்டாரே, இவர்களுக்கு மட்டும் உதவித்தொகை எப்படித் தொடர்கிறது?’ நல்ல சந்தேகம். அன்று ஒழிந்தது, இந்தியாவோடு இணைந்த சமஸ்தானங்களின் மன்னர்கள் பெற்றுவந்த மானியம். ஆற்காடு அதற்கு நூறு ஆண்டுக்கும் முன்பே நாட்டை இழந்துவிட்டதால் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ராஜ்ஜியம் போயும் தருமம் மட்டும் எப்படி நிலைத்தது? உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இடம் இதுதான். அரசரின் சொத்து வேறு, அறத்துக்கு எழுதிவைத்த சொத்து வேறு. வக்ஃபு (இறைவன் பெயரால் பொதுநன்மைக்கு நிரந்தரமாக ஒதுக்கிய சொத்து) என்று ஆகிவிட்டால் கொடுத்தவரும் அவர் பேரப்பிள்ளைகளும் அதைத் திரும்பக் கேட்க முடியாது. சேப்பாக்கம் அரண்மனை அரசாங்கத்திடம் போய்விட்டது. ஆனால் நவாப் குடும்பம் கட்டிய திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நிற்கவேயில்லை.

ஆகவே திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் வீடோ மனையோ வாங்குவதாக இருந்தால், வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த இடம் வக்ஃபு வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். மயிலாப்பூரில் என்றால் கோயில் நிலமா என்று அறநிலையத் துறையில் விசாரியுங்கள். வாடகைக்கோ குத்தகைக்கோ இருப்பது வேறு. அறச் சொத்தைத் தனியார் ஒருவர் தம்முடையது என்று விற்றால் அந்த விற்பனை செல்லாது. போன பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

பெரிய பள்ளிவாசலை வெளியே நின்று மட்டும் பார்த்திருந்தால், ஒருநாள் உள்ளே போய்ப் பாருங்கள். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் (இப்போது காயிதே மில்லத் சாலை) இருக்கிறது. நவாப் குடும்பம் 1795-இல் எழுப்பியது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டியது என்பார்கள். உள்ளே கல்லில் ஒரு பாரசீக வாசகம் உண்டு. எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் கட்டிய ஆண்டு வரும். அதை எழுதியவர் நவாபிடம் பணிபுரிந்த ராஜா மக்கன் லால் என்ற இந்து. பள்ளிவாசல் சுவரில் ஓர் இந்துவின் எழுத்து நிற்பதை அன்றைய சென்னை இயல்பாக எடுத்துக்கொண்டது. எனக்கு இந்த ஊரின்மேல் பிரியம் கூடியது அந்தக் கல்லால்தான்.

முஸ்லிம் அல்லாதவர் போகலாமா? தொழுகை நேரத்தையும் வெள்ளி நண்பகலையும் தவிர்த்துவிட்டு, வாசலில் அனுமதி கேட்டுப் போங்கள். கை கால் மூடிய உடை வேண்டும், செருப்பைக் கழற்றிவிடுங்கள். அமீர் மஹால் அப்படியல்ல. அது குடும்பம் வசிக்கும் வீடு. அழைப்பில்லாமல் நுழைய முடியாது.

ஹஜ் பயணம் போகவிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. பழைய கர்நாடகப் பகுதியிலிருந்து வரும் பயணிகளுக்காக மக்காவில் நவாப்கள் ருபாத் (பயணிகள் இலவசமாகத் தங்கும் விடுதி) ஏற்படுத்தினார்கள். உங்கள் பயண ஆண்டில் இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே இளவரசர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ரமலான் மாதம் மயிலாப்பூரில் இருந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். ராதாகிருஷ்ணன் சாலையில் சூஃபிதார் என்ற அறக்கட்டளை இருக்கிறது. நாட்டுப் பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த இந்து ஒருவர் தொடங்கியது. அதன் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக நோன்பு திறப்பதற்கான உணவைச் சமைத்து, மாலையில் வண்டியில் ஏற்றி, நவாபின் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகிறார்கள். தலையில் தொப்பி அணிந்து அவர்களே பரிமாறுகிறார்கள். மஃரிப் பாங்கு (சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் தொழுகை அழைப்பு) கேட்பதற்குள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எல்லார் முன்னாலும் தட்டு வந்துவிடும்.