வேகத்தின் எல்லை

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வழியாகச் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் செல்கின்றன. அச்சாலைகளைப் பள்ளிச் சிறுவரும் கடக்கின்றனர். சென்னை மாநகரில் லாரி போன்ற கனரக வண்டிகளுக்கு மணிக்கு 50 கிலோமீட்டரே உச்ச வேகம் என்று 2023ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது.

ஜெர்மனியின் விரைவுச் சாலைகளில் வேகத்திற்கு எல்லையே இல்லை என்பர் சிலர். அது முழு உண்மையன்று. அவற்றின் பல பகுதிகளில், கார் முதலிய சிறு வண்டிகளுக்கே அவ்வுரிமை உண்டு. கனரக லாரிகள் அங்கும் 80 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. ஊருக்குள்ளோ, பொதுவாக 50 கிலோமீட்டரே எல்லை.

இருநாட்டுச் சட்டங்களும் ஊருக்குள் ஒன்றுபடுவது ஏன்? வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். இவ்வியற்கை விதி நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. ஆதலின், காவலர் இல்லாத இடத்தும் எல்லையைப் பேணுவதே நல்ல ஓட்டுநரின் பழக்கமாகும்.