ஈய அடிப்பாரம் வார்த்தல்

செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள அச்சரப்பாக்கம் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வழிபடாது சென்றமையால், அவர் ஏறிய தேர் இவ்விடத்தில் அச்சு முறிந்து நின்றது என்பது தலவரலாறு. அச்சு இற்ற இடமாதலின் அச்சிறுபாக்கம் எனப் பெயர் பெற்றுப் பின்னர் அச்சரப்பாக்கம் என மருவியது என்பர். தேரின் உச்சியில் கொடியும் கலசமும் எத்துணைப் பொலிவுடன் விளங்கினும், அடியில் மறைந்து கிடக்கும் அச்சுப் பழுதுபட்டால் தேர் நகராது. பாய்மரப் படகுக்கும் அவ்வாறு மறைந்து கிடந்து காக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதுவே அடிப்பாரம். அச்சு என்னும் சொல்லுக்கு, உருக்கிய உலோகத்தை ஊற்றும் வடிவக்கூடு என்பதும் பொருளாகும். படகின் அடிப்பாரம் அத்தகைய அச்சில் வார்த்து எடுக்கப்படுகிறது.

அச்சரப்பாக்கத்தினின்று தென்கிழக்கே சென்றால், ஒரு காலத்தில் துறைமுகமாய் விளங்கிய ஆலம்பரைக் கோட்டையின் சிதைவுகளை அடையலாம். அங்கிருந்து வடக்கே மாமல்லபுரம் வரை நீண்டு கிடக்கும் கரையில் மீனவர்கள் பன்னெடுங்காலம் கட்டுமரத்திலேயே தொழில் செய்தனர். சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்த அந்தக் கலத்திற்கு அடிப்பாரம் வேண்டுவதில்லை. உள்ளே குழிவு இல்லாமையால் அலை ஏறினாலும் நீர் தங்காது. கவிழ்ந்தால் புரட்டிக்கொண்டு மீண்டும் ஏறலாம். குழிந்த உடலும் உயர்ந்த பாய்மரமும் உடைய படகின் நிலை வேறு. பாயில் மோதும் காற்று படகை முன்னே செலுத்துவதோடு பக்கவாட்டில் சாய்க்கவும் செய்கிறது. சாய்ந்த படகை நிமிர்த்துவதற்கு ஆற்றல் எங்கிருந்தோ வருதல் வேண்டும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அறியாதவர் இலர். அதனை எப்பக்கம் சாய்த்தாலும் விட்டவுடன் எழுந்து நிற்கும். அதன் அடி உருண்டு கனத்தும், மேற்பகுதி மெலிந்து இலேசாகவும் இருப்பதே காரணம். எடை முழுவதும் திரண்டிருக்கும் புள்ளியாகிய ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால், சாய்க்கும்போது அம்மையம் உயர்கிறது. விட்டவுடன் மீண்டும் தாழ்ந்த நிலையை நாடுகிறது. ஆழ்கடற் படகின் அடியில் பாரத்தை அமைத்தவர்களும் இதே உண்மையைக் கைக்கொண்டனர்.

இதன் பயனை அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டும். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பெற்று 1964இல் நீரில் இறக்கப்பட்ட சுஹைலி என்னும் படகில், ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1968 சூன் 14 அன்று தனியே புறப்பட்டு, எங்கும் தங்காமல் உலகை வலம் வந்து, 312 நாட்களில் திரும்பினார். அவ்வாறு செய்தவருள் அவரே முதல்வர். அப்பயணத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2018இல் நடந்த போட்டியில், இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியைப் போன்றே கோவாவில் கட்டப்பெற்ற துரியா என்னும் மரப்படகில் கலந்துகொண்டார். 2018 செப்டம்பர் 21 அன்று, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திற்கு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் மேற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பெரும்புயல் துரியாவை உருட்டிவிட்டது. பாய்மரம் முறிந்தது, டோமி முதுகெலும்பில் பலத்த காயமுற்று நடக்கவும் இயலாதவரானார். ஆயினும் உருண்ட படகு தானே நிமிர்ந்தது. நிமிர்ந்த படகினுள் படுத்தவாறே மூன்று நாட்களைக் கழித்த அவரை, பிரெஞ்சு மீன்வளக் கப்பலாகிய ஒசிரிசு செப்டம்பர் 24 அன்று மீட்டது. நின்று காக்க வேண்டிய மரம் ஒடிந்தபின், கீழே கிடந்த பாரமே அவரைக் காத்தது எனல் மிகையன்று.

பழங்காலத்தில் கல்லையும் மணலையுமே கப்பலின் உள்ளே அடிப்பாரமாக இட்டனர். சுவீடன் நாட்டரசர் கட்டுவித்த வாசா என்னும் போர்க்கப்பலில் சுமார் 120 டன் கற்கள் இருந்தன. பீரங்கிகள் நிறைந்து மேற்பகுதி கனத்திருந்த அக்கப்பலின் தளத்தில், முப்பது மாலுமிகளை இப்புறமும் அப்புறமும் ஓடவிட்டுச் சோதித்தனர். மூன்று முறை ஓடியதும் கப்பல் ஆடிய ஆட்டம் கண்டு அஞ்சிச் சோதனையை நிறுத்தினரே அன்றிப் பயணத்தை நிறுத்தினாரல்லர். 1628 ஆகஸ்டு 10 அன்று புறப்பட்ட வாசா, 1,300 மீட்டர் தொலைவு கடப்பதற்குள் காற்றில் சாய்ந்து மூழ்கியது. மேலும் கல்லை நிரப்பியிருக்கலாமே எனின், நிரப்பினால் கப்பல் ஆழ்ந்து, கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். கல்லுக்கு வேறொரு குறையும் உண்டு. கலம் பெரிதும் சாய்ந்தால் தளர்வாகக் கிடக்கும் கல் தாழ்ந்த பக்கமே உருண்டு, கெடுதலை இரட்டிப்பாக்கும்.

ஆகவே பாரம் சிறிய இடத்தில் அடங்கவும், படகின் உடலுக்கு வெளியே இயன்றவரை தாழ்ந்திருக்கவும், அசையாது பிணைந்திருக்கவும் வேண்டும். இம்மூன்றிற்கும் ஏற்றது ஈயம். ஈயம் என்ற அளவில் கூறின் மயக்கம் நேரும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. ஈண்டுக் கூறுவது காரீயம். இது நஞ்சாதலின் அடுப்படியில் இதற்கு இடமில்லை. 2 மீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உடைய காரீயக் கட்டை ஏறத்தாழ 2,000 கிலோ நிறைகொள்ளும். அதே அளவுள்ள கருங்கல் 500 கிலோவுக்கும் குறைவு. ஆர்க்கிமிடீசு கண்ட விதிப்படி, கடல்நீரில் மூழ்கிய அவ்விரண்டும் தத்தம் எடையில் ஏறத்தாழ 185 கிலோவை இழக்கும். ஈயத்திற்கு இது பத்தில் ஒரு பங்கும் ஆகாது. கல்லுக்கோ மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாகும்.

காரீயம் 327 பாகை வெப்பத்தில் உருகும். வார்ப்பிரும்புக்கு 1,150 பாகைக்கு மேல் வேண்டும். எனவே உலைக்கூடம் இன்றியே, செங்கல் அடுப்பில் விறகு எரித்து, பெரிய இரும்புத் தொட்டியில் ஈயத்தை உருக்கிவிடலாம். இவ்வெளிமையை நம்பி ஏமாந்தவர் பலர். உருக்குவது எளிது, அச்சு அமைப்பதே அரிது.

முதலில் மரத்தால் அடிப்பாரத்தின் மாதிரியைச் செய்வர். உறையுங்கால் ஈயத்தின் பருமன் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவு சுருங்குமாதலின், மாதிரியைச் சற்றே பெரிதாக அமைப்பர். பின்னர் அதைக் கொண்டு மணலிலோ, பலகையிலோ அச்சை உருவாக்குவர். பலகை அச்சாயின், அது கருகாதிருக்க நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிகேட்டுக் கரைசலை உட்புறம் பூசுவர். 30 சென்டிமீட்டர் உயரம் நின்ற உருகிய ஈயம், ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம் நின்ற நீர் அழுத்துவதுபோல் அச்சின் அடியை அழுத்தும். ஆதலின் அச்சைக் குழியில் இறக்கிச் சுற்றிலும் உலர்ந்த மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்துவர். ஆணிகளுக்குத் துளை விடும் பொருட்டு உள்ளே நிறுத்தும் மரக்கோல்களையும் மேலிருந்து இறுகப் பிணைத்தல் வேண்டும். ஈயத்தில் மரம் மட்டுமன்று, இரும்பும் மிதக்கும்!

அச்சில் ஈரம் இருத்தல் எவ்வாற்றானும் ஆகாது. நீர் ஆவியாகுங்கால் 1,600 மடங்கிற்கு மேல் விரியும். ஈயத்தின் அடியில் அகப்பட்ட ஒரு கரண்டி நீர் வெளியேற வழியின்றி வெடித்து, உருகிய உலோகத்தை ஆட்களின் மேல் வாரி இறைக்கும். தொட்டியில் பின்னர் இடும் கட்டிகளையும் முன்னரே காயவைத்தே இடுதல் வேண்டும். மழைக்காலத்தில் இத்தொழிலைத் தொடங்காதிருப்பதே நன்று. ஈயப்புகையும் தூளும் உடலிற் சேர்ந்து நரம்பையும் குருதியையும் கெடுக்கும். ஆகவே திறந்த வெளியில், காற்று வரும் திசையில் நின்று, முகமூடியும் கையுறையும் அணிந்தே வேலை செய்வர். பழைய மின்கலத் தகடுகளில் அமிலமும் பிற நஞ்சுகளும் இருத்தலின் அவற்றை உருக்குதல் தகாது.

தூய காரீயம் நகத்தாற் கீறும் மென்மையுடையது. அதனை வலுப்படுத்த, கண்ணுக்கு மையிட உதவும் அஞ்சனக்கல்லினின்று கிடைக்கும் ஆன்டிமனி சிறிதளவு சேர்ப்பர். மேலே படியும் கசடை வழித்து நீக்கியபின், தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறப்பர். குழாயையும் முன்னரே சூடேற்றாவிடின் ஈயம் அதனுள்ளேயே உறைந்து வழியை அடைத்துவிடும். திறந்தபின் இடையில் நிறுத்துதல் கூடாது. நிறுத்தினால் முன் ஊற்றியது உறைந்து, பின் ஊற்றியது அதனோடு ஒன்றாமல், அடுக்கு அடுக்காய்ப் பிளவு கொண்டிருக்கும். மேலே வண்ணம் பூசியபின் அப்பிளவு எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆதலால் வேண்டிய ஈயம் முழுவதும் உருகிய பின்னரே திறப்பர். அச்சு நிறைந்த பின்னும் வேலை ஓயாது. உறையும் ஈயம் நடுவே குழிவதால், சூடேற்றிய கோலால் கிளறிக்கொண்டே சிறிது சிறிதாக மேலும் ஊற்றுவர்.

நன்கு ஆறியபின் அச்சைப் பிரித்துப் பாரத்தை வெளியில் எடுப்பர். தச்சரின் இழைப்புளியே ஈயத்தைச் சீவும் என்பது காண்போர்க்கு வியப்பளிக்கும். ஏரா என்று கப்பல் தச்சர் வழங்கும் அடிமரத்தின்கீழ், இடையே நீர்புகாப் பிசின் பூசி, அதைப் பொருத்தி, நீண்ட வெண்கல ஆணிகளைச் செலுத்தி முடுக்குவர். அவ்வாணிகள் அறுந்தால் படகு தலைகீழாகிவிடும். 1997 சனவரியில் டோனி புல்லிமோர் என்பவரின் பந்தயப் படகு தென்கடலில் அடிப்பாரத்தை இழந்து கவிழ்ந்தது. கவிழ்ந்த கூட்டினுள் நான்கு நாட்கள் அடைபட்டிருந்த அவரை ஆஸ்திரேலியக் கடற்படை மீட்டது. ஆதலின் அறிந்த தச்சர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, ஓர் ஆணியைக் கழற்றி, ஈயமும் மரமும் கூடும் இடத்தில் அது அரித்துள்ளதா என்று பார்ப்பர். அரித்திருந்தால் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுவர்.