பழவேற்காட்டு பம்ப்

ஹைட்ராலிக்ஸ் லேபில் பிஸ்டன் பம்ப் பார்த்திருப்பீர்கள். உயிருள்ள பம்ப் பார்க்க ஜனவரியில் பழவேற்காடு படகுத்துறைக்கு வாருங்கள்.

மழைத் தண்ணீர் வடிந்த உப்பேரியில் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து பூநாரைகள் நிற்கும். தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீரில் வைத்தால் நாக்குதான் பிஸ்டன். முன்னும் பின்னும் போய் நீரை இழுத்துத் தள்ளும். அலகோரச் சீப்புதான் ஃபில்டர். அதில் சிக்கும் பாசி, சிற்றுயிர்களின் நிறமிதான் சிறகின் சிவப்பு!

போன வருஷம், "இன்னும் கிட்டப் போங்கண்ணே"ன்னு கெஞ்சினேன்.

"மோட்டார் சத்தத்துக்கு எழும்பிடும் தம்பி, அதுங்க சாப்பாடு போயிடும்" என்றார் படகுக்காரர். நான் கேட்கவில்லை. கூட்டமே எழுந்தது. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரவில்லை. ஒரு மணி நேரம் வெறும் தண்ணீரைப் பார்த்தோம்.

இந்தமுறை தூரத்திலேயே மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.